சின்னப் பிள்ளைக்குப் பிறந்தநாள்: தென்காசி, செங்கோட்டைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் வீடு, புனலூரில் மாமா, ஆரியங்காவில் சித்தி என்று மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் அந்தப் பக்கம் கேரளத்திலும் சொந்தம் உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளின் பிறந்தநாள் நெருங்கினால், இந்த வீடுகளிலிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைக் கீழே வைத்திருக்கிறோம்.

பிள்ளைக்கு ஒரு வயசு ஆகப்போகுது. எத்தனை பேரைக் கூப்பிடலாம்?

விளையாட வரும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு உண்டு: வயதோடு ஒன்றைக் கூட்டுங்கள். ஒரு வயதுக்கு இரண்டு பிள்ளைகள், மூன்று வயதுக்கு நான்கு. அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று சேர்ந்தால் அதுபோல இரண்டு மடங்கு வரை சமாளிக்கலாம். அதைத் தாண்டினால் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்ததும் மற்றவையும் சேர்ந்துகொள்ளும்.

பெரியவர்களுக்கு இடம்தான் அளவு. பத்துக்குப் பதினைந்து அடி ஹாலில் சுவரோரமாக நாற்காலி போட்டால் பதினைந்து பேர் உட்காரலாம், நடுவில் பிள்ளைகள் தவழவும் ஓடவும் இடம் இருக்கும். இருபத்தைந்து பேர் நின்றால் பிள்ளைகளுக்குக் கால்கள் மட்டும்தான் தெரியும்.

அப்படிக் கம்மியாக் கூப்பிட்டா சொந்தக்காரங்க கோவிச்சுக்கிட மாட்டாங்களா?

கோபித்துக்கொள்வார்கள். அதனால் யாரையும் விட்டுவிட வேண்டாம், நிகழ்ச்சியை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். காலையில் கோயில், ஆசீர்வாதம், பெரியவர்களுக்குச் சாப்பாடு. சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்கு மட்டும். இந்த வீடுகளில் வரும் அலைச்சலில் பெரும்பகுதி, உறவு விருந்தையும் பிள்ளை விளையாட்டையும் ஒரே வேளையில் ஒரே ஹாலில் நடத்தப் பார்ப்பதால் வருவதுதான். பெரியவர்கள் பந்திக்குக் காத்திருப்பார்கள், பிள்ளை தூங்கக் காத்திருக்கும், அம்மா இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருப்பார்.

ஒரே நாளில் இரண்டும் முடியாது என்றால் வேறு வேறு நாளில் வைக்கலாம். நட்சத்திரத்தன்று கோயிலும் பெரியவர்களும், அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளும் கேக்கும். எங்களைக் கேட்டால் இதுவே நல்லது என்போம்.

நட்சத்திரம் பாக்கணுமா, தேதி பாக்கணுமா? புனலூர் ஆச்சி ஒரு நாள் சொல்லுதாங்க, எங்க ஆச்சி வேற நாள் சொல்லுதாங்க.

இரண்டு பக்கமும் சூரிய மாதத்தில் வரும் ஜென்ம நட்சத்திரத்தைத்தான் பார்க்கிறார்கள். நம் ஆவணிதான் அங்கே சிங்ஙம். ஆனால் மாதம் பிறக்கும் நாளைக் கணிக்கும் முறை கொஞ்சம் வேறு. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் சூரியன் அடுத்த ராசிக்குள் மாலைக்கு முன் நுழைந்தால் அன்றே மாதப் பிறப்பு. கேரளத்தில் அந்த எல்லை நண்பகல் தாண்டிச் சிறிது நேரத்திலேயே முடிந்துவிடும். அதனால் சில மாதங்களில் ஒரு நாள் முன்பின் ஆகும். நட்சத்திரம் மாதக் கடைசியிலோ முதல் நாளிலோ விழுந்தால் இரண்டு ஆச்சிமாரும் அவரவர் கணக்கில் சரியாகவே சொல்லியிருப்பார்கள். ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு முறை வந்தால் எதை எடுப்பது என்பது குடும்ப வழக்கம், வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

கேக் வெட்ட இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். மேலே சொன்னபடி பிரித்துவிட்டால் சண்டைக்கே இடமில்லை.

எத்தனை மணிக்கு வைக்கிறது?

பிள்ளை தூங்கி எழுந்து, பால் குடித்து, அரை மணி நேரம் ஆன பிறகு. ஒரு வயதுப் பிள்ளை பெரும்பாலும் மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் தூங்கும். அப்படியானால் நாலு மணிக்கு ஆரம்பித்து ஐந்தரைக்கு முடிக்கலாம். மூன்று வயதுக்கு மேல் இரண்டு மணி நேரம் வரை தாங்கும். அழைப்பில் ஆரம்ப நேரத்தோடு முடியும் நேரத்தையும் எழுதுங்கள். “மாலை 4 முதல் 5.30 வரை” என்று இருந்தால் ஆறரை மணிக்குச் சாவகாசமாக வந்து கேக் எங்கே என்று கேட்பது குறையும்.

வந்தவுடன் கேக் வெட்டக் கூடாது, கடைசி வரை இழுக்கவும் கூடாது. நாலு மணிக்கு ஆரம்பித்தால் நாலே முக்காலுக்குக் கேக். அதற்குள் வர வேண்டியவர்கள் வந்துவிடுவார்கள், பிள்ளையும் தெளிச்சியாக இருக்கும். வராத ஒருவருக்காகக் காத்திருந்து பிள்ளை தூங்கிப்போன வீடுகள்தான் அதிகம்.

புனலூர்லேர்ந்து வாறவங்களுக்கு எப்படி நேரம் ஒதுக்கணும்?

தூரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் தென்மலை, ஆரியங்காவு வழியாக மலை வளைவுகள். புளியரைப் பக்கம் லாரி வரிசை நின்றுவிட்டால் நேரம் சொல்ல முடியாது. வளைவில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும். புறப்படும் முன் வயிறு நிறையப் பால் கொடுக்க வேண்டாம், லேசாகச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து சேரும்படி அழைத்தால் அவர்கள் பிள்ளையும் முகம் கழுவி, கொஞ்சம் படுத்து எழும். ரயில் நேரம் ஒத்துவந்தால் அதுவே சுகம், பதின்மூன்று கண் பாலத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே வரலாம்.

பள்ளி நாட்களையும் பாருங்கள். கேரளத்தில் ஓண விடுமுறை விடும் சமயத்தில் நம் பள்ளிகளில் காலாண்டுத் தேர்வு நெருங்கியிருக்கும். அழைப்பதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

மொட்டை மாடியில பந்தல் போட்டுக்கிடலாமா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று பந்தல் துணியைப் பாய்மரம் போல இழுக்கும். சாரல் எப்போது விழும் என்றும் சொல்ல முடியாது. மெழுகுவத்தி நிற்காது, காகிதத் தட்டு பறக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாயங்கால மழை. ஏப்ரல், மே மாதங்களில் தளம் மாலை ஐந்து வரை கொதிக்கும், வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்குப் பாதம் சுடும். மிச்சமிருப்பது ஜனவரி முதல் மார்ச் வரைதான். அப்போதும் கைப்பிடிச் சுவர் மூன்றரை அடிக்குக் குறைவாக இருந்தாலோ, ஓரத்தில் ஏறி நிற்கத் திட்டு இருந்தாலோ மாடி வேண்டாம்.

இன்னொன்று: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு அல்லது மாலை ஐந்து வரை. ஃப்ரிட்ஜில் கேக்கும், மோட்டார் போட வேண்டிய தண்ணீர்த் தொட்டியும் அதில்தான் மாட்டிக்கொள்ளும்.

கேக் எத்தனை கிலோ சொல்லணும்? என்ன கேக் சொல்லணும்?

ஒரு கிலோ பத்துப் பன்னிரண்டு பேருக்கு வரும். வேறு பலகாரமும் இருந்தால் பதினைந்து பேருக்கே போதும், ஏனென்றால் பெரியவர்கள் பாதித் துண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். முப்பத்தைந்து பேருக்கு இரண்டரைக் கிலோ. மூன்றடுக்குக் கேக் படத்துக்கு அழகு, ஆனால் கீழடுக்கு மறுநாள் வரை யாரும் தொடாமல் கிடக்கும்.

பால் கிரீம் கேக் நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் தளர்ந்து ஓரம் சரிய ஆரம்பிக்கும். வெட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் இடமில்லை என்றால் பட்டர் கிரீம் சொல்லுங்கள், அது கொஞ்சம் நேரம் தாங்கும். அல்லது கிரீமே இல்லாத சாதாரண வெனிலா கேக், ஒரு வயதுக்கு அதுதான் நல்லது. காரில் கொண்டுவரும்போது சீட்டில் வைக்காதீர்கள். சீட் பின்பக்கம் சரிந்திருக்கும், கேக்கும் அந்தப் பக்கமே சாயும். கால் வைக்கும் தரையில் ஈரத்துணி விரித்து அதன்மேல் பெட்டியை வையுங்கள், வழுக்காது. மலைப்பாதையில் கேக் கொண்டுவரவே வேண்டாம், இந்தப் பக்கத்துக் கடையில் சொல்லிவிடுங்கள்.

மெழுகுவத்தியை ஊதி அணைக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லுதாங்க. பிள்ளைக்கு அதுதான் ஆசை. என்ன செய்யதுக்கு?

அத்தையின் மனத்தாங்கல் நியாயமானது. விளக்கு ஏற்றும் வீட்டில் சுடரை ஊதி அணைப்பது அவர்களுக்கு உறுத்தும். முதலில் குத்துவிளக்கை ஏற்றட்டும், பிள்ளைக்கு எத்தனை வயதோ அத்தனை திரி, கையைப் பிடித்து ஏற்றுவது அத்தையாக இருக்கட்டும். ஊதும் ஆசைக்கு வாசலில் சோப்புக் குமிழி இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் அதைத்தான் கூடுதலாக ரசிக்கும்.

மெழுகுவத்தியும் வேண்டும் என்றால் பெரிய கேக்கில் குத்தாமல் சின்ன கப் கேக்கில் ஒன்றைக் குத்தித் தனித் தட்டில் வையுங்கள். சளி பிடித்த பிள்ளை ஊதினால் எச்சில் எல்லார் துண்டிலும் தெறிக்காது. மத்தாப்பு போலப் பொறி கக்கும் மெழுகுவத்தியைத் தவிருங்கள். அந்தப் பொறி மிகுந்த சூடு, நைலான் ஃப்ராக்கில் விழுந்தால் துணி உருகித் தோலோடு ஒட்டும். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம்.

ஆரத்திக்கு மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்டைக்காய் அளவு சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினால் தட்டு முழுக்கச் செக்கச்சிவப்பாக மாறும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, தட்டைப் பிள்ளையின் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துச் சுற்றுங்கள், உடனே வாசலில் ஊற்றிவிடுங்கள்.

ஸ்னோ ஸ்பிரே, பாப்பர், கேஸ் பலூன் எல்லாம் பிள்ளைங்க கேக்காங்க.

ஸ்னோ ஸ்பிரே வேண்டவே வேண்டாம். டப்பாவில் நுரையைத் தள்ளுவது பெரும்பாலும் எரியும் வாயு. எரியும் மெழுகுவத்திக்குப் பக்கத்தில் அடித்தால் நுரையோடு சேர்ந்து குப்பென்று பிடிக்கும், முகத்துக்கு நேராக. பாப்பர் வெடித்தால் சத்தத்தில் சின்னப் பிள்ளை மிரளும், துண்டுகள் கண்ணைக் குத்தும்.

கேஸ் பலூனில் ஹீலியமா என்று கேட்டு வாங்குங்கள். திருவிழாவில் விற்பவற்றில் பல ஹைட்ரஜன், அது தீப்பற்றும். விற்பவருக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள்.

சாதா பலூன் போதுமா? எத்தனை வேணும்?

போதும். கேக் மேசைக்குப் பின்னால் ஆறடிக்கு அரை வளைவு கட்ட ஐம்பது அறுபது பலூன் பிடிக்கும், கைப்பம்பு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். முழுதாக ஊதாமல் முக்கால் அளவு ஊதினால் வெயிலில் படீர் என்று வெடிக்காது. செல்லோ டேப் சுவரின் டிஸ்டம்பரைப் பெயர்த்துக்கொண்டு வரும். பெயிண்டர்கள் ஒட்டும் பேப்பர் டேப்பை வாங்குங்கள். தெர்மாகோலில் பெயர் எழுதுவதும் பிளாஸ்டிக் குச்சிப் பலூனும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. அட்டையில் வெட்டுங்கள், அதுவே அழகு.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. வெடித்த பலூன் துண்டும் ஊதாத பலூனும் சின்னப் பிள்ளையின் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டால் மூச்சுக்குழாயை அப்படியே மூடிவிடும். ஒருவரைப் பலூன் துண்டு பொறுக்குவதற்கென்றே நியமியுங்கள். பத்து வயது அண்ணனுக்கு இது பெருமையான வேலை.

சாப்பாட்டுக்கு அளவு சொல்லுங்க. பெரியவங்க இருபத்தஞ்சு, பிள்ளைங்க பத்து.

சாயங்கால டிபன் என்று வைத்துக்கொள்வோம். இட்லி பெரியவர்களுக்கு நாலு, பிள்ளைகளுக்கு இரண்டு, மொத்தம் நூற்றிருபது. ஆறு கிலோ மாவு வேண்டும். சேமியா பாயசம் ஒரு லிட்டர் பாலுக்குப் பத்துச் சின்ன டம்ளர், அதனால் மூன்றரை லிட்டர் பால். எலுமிச்சை ஜூஸுக்கு இரண்டு டம்ளருக்கு ஒரு பழம், முப்பத்தைந்து பேருக்குப் பதினெட்டுப் பழம், முக்கால் கிலோ சீனி. இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. பரோட்டா வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டால் செங்கோட்டைப் பக்கத்துப் பிரானூர் பார்டர் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம், வீட்டில் அடுப்பைப் பெரிதாக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு அவித்த ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) இரண்டு பக்கத்துக்கும் பழக்கமான பண்டம், ஒரு வயதுக்கு மசித்தும் மூன்று வயதுக்குத் துண்டாகவும் கொடுக்கலாம். முழு நிலக்கடலை, பாப்கார்ன், முழுத் திராட்சை நாலு வயதுக்குக் கீழே கூடாது. திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேங்காய்ச் சட்னியைக் காலையிலேயே அரைத்து வைத்தால் மாலைக்குள் நூல் விடும், மூன்றரைக்கு மேல் அரையுங்கள்.

பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் ஆகியவை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பாக்குமட்டைத் தட்டும் வாடகை எவர்சில்வர் டம்ளரும் போதும்.

கேரளத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. என்ன விளையாட்டு வைக்கிறது?

கண், மூக்கு, வாய், கை, கால், தலை, பல், வயிறு. இந்தச் சொற்கள் மலையாளத்திலும் ஏறக்குறைய இதேதான். “மூக்கைத் தொடு, தலையைத் தொடு” என்று வேகம் கூட்டிக்கொண்டே போனால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து உருண்டு சிரிப்பார்கள். நாலு வயதுக்கு மேல் குலைகுலையா முந்திரிக்கா ஆடலாம், வட்டத்தில் உட்காரவும் ஓடவும் மொழி வேண்டாம்.

ஒரு விளையாட்டுக்குப் பத்து நிமிடம், மொத்தம் மூன்று போதும். நாற்காலி விளையாட்டில் “அவுட்” சொல்லி வெளியே அனுப்பாதீர்கள். மூன்று வயதுக்கு அது விளையாட்டாகப் புரியாது, தன்னைத் துரத்திவிட்டதாகவே படும். பிள்ளைகள் எத்தனையோ அத்தனை நாற்காலியை அப்படியே விட்டுப் பாட்டு நின்றதும் உட்காரச் சொன்னாலே சந்தோஷம் வந்துவிடும்.

கேக் வெட்டும்போது பிள்ளை ஓன்னு அழுதான். ஏன் அப்படி?

பெரும்பாலும் மூன்று காரணம்: விளக்கை அணைத்தது, எல்லாரும் ஒரே குரலில் பாடிக் கை தட்டியது, பத்துப் போன் முகத்துக்கு நேரே நீண்டது. கவனித்தால் முன்பே தெரியும். முதலில் பிள்ளை அசையாமல் நிற்கும். பிறகு கண் அம்மாவைத் தேடும். கீழுதடு வெளியே வரும். அந்த இடத்தில் தூக்கிக்கொண்டால் அழுகை வராது. இன்னும் ஒரு படம் என்று நிறுத்தினால் வரும்.

விளக்கை எரியவிடுங்கள், கை தட்டுவதை மெதுவாக வையுங்கள். அம்மா மடியில் உட்கார்ந்து வெட்டினாலும் கேக் வெட்டினதுதான். படம் எடுக்க ஒருவர் போதும். வேஷம் போட்ட பொம்மை ஆள் மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம், பெரிய தலையும் அசையாத கண்ணும் பயமுறுத்தும்.

ரிட்டர்ன் கிஃப்ட் என்ன கொடுக்கலாம்? லைட் எரியற பொம்மை மலிவாக் கிடைக்குது.

அந்த மலிவான லைட்டுக்குள் பொத்தான் போன்ற வட்ட பேட்டரி இருக்கும். பிள்ளை அதை விழுங்கி உணவுக்குழாயில் நின்றுவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தால் தவிர வாங்காதீர்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். 108 இரண்டு மாநிலத்திலும் வேலை செய்யும்.

வண்ணக் கட்டி, மெழுகுக் குச்சி, சின்ன மண் தொட்டியில் ஒரு செடி, மர பம்பரம் என்று வயதுக்கு ஏற்றபடி கொடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே, மூன்று சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நுழையும் எதுவும் கூடாது.

சாப்பிடும்போது ஒரு பிள்ளைக்குத் தொண்டையில மாட்டிக்கிட்டா?

இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். சத்தம் வராமல் முகம் நீலம் பாய்ந்தால், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை முன்பக்கம் குனிய வைத்து உள்ளங்கை அடியால் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து அடி. வெளியே வரவில்லை என்றால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே கையை வைத்து உள்ளே, மேலே ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து, பிறகு மல்லாக்கத் திருப்பி நெஞ்சு நடுவில் இரண்டு விரலால் ஐந்து. வயிற்றை அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தேடாதீர்கள், இன்னும் உள்ளே போகும். இன்னொருவர் அதே நேரத்தில் 108-ஐ அழைக்கட்டும்.

அன்னைக்குக் காலையில பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துட்டா? எல்லாரையும் சொல்லியாச்சே.

தள்ளிவைத்துவிடுங்கள். பத்துப் பிள்ளைகள் ஒரே ஹாலில் கூடினால் காய்ச்சல் பத்து வீட்டுக்குப் போகும். காலை பத்து மணிக்குள் எல்லாருக்கும் போனில் சொல்லுங்கள், மலையில் ஏறுகிறவர்களுக்கு முதலில். வாட்ஸ்அப் தகவலைப் பார்க்காமலே வண்டி ஏறிவிடுவார்கள், அதனால் குரலில் சொல்வதே நல்லது.

கேக் கடைக்கு அடுத்த போன். மேலே கிரீம் பூசி எழுதும் வேலை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் நடக்கும், அதற்குள் சொன்னால் அடிக்கேக்கை எடுத்து வைத்து வேறு நாளுக்குத் தருவார்கள். இட்லி மாவு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். ஊதிய பலூன் நாலைந்து நாளில் சுருங்கும், அவ்வளவுதான் நஷ்டம். பெரியவர்கள் கோயில் அர்ச்சனையை அன்றே முடித்துவிடலாம், பிள்ளை வீட்டில் தூங்கட்டும்.